ஷட்டர் கவுன்ட் 14,000 என்றார்கள்

சென்னையில் பழைய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் (பெரிய சென்சாரும் உள்ளே கண்ணாடியும் உள்ள, லென்ஸ் மாற்றும் கேமரா) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என்னுடைய 62,000 ரூபாய் போன கதை இது. அண்ணா சாலைக்குப் பின்புறம், குறுகலான படியேறிப் போகும் ஒரு மாடிக் கடை. அந்த வட்டாரத்தில் நேர்மையான கடைகளும் உண்டு. நான் போய் மாட்டியது இதில்.

வீட்டு விசேஷங்களுக்குப் படமும் வேண்டும், வீடியோவும் வேண்டும். கேனான் 6டி மார்க் 2 வாங்குவதா, நிக்கான் டி750 வாங்குவதா என்று இரண்டு மாதம் குழம்பினேன். வீடியோவில் முகத்தை விடாமல் பிடித்து ஃபோகஸ் செய்வதில் கேனான் கெட்டி. ஆனால் ஹெட்ஃபோன் செருக இடமில்லை. நிக்கானில் மைக், ஹெட்ஃபோன் இரண்டையும் செருகலாம். வீடியோவில் ஃபோகஸ்தான் முன்னும் பின்னும் அலையும். கடைக்காரரிடம் கேட்டபோது, "அதெல்லாம் லென்ஸைப் பொறுத்தது சார்" என்றார். சுத்தப் பொய். வீடியோ எடுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் தனி சென்சாருக்கு அப்போது வெளிச்சமே போகாது. டி750-இல் எந்த லென்ஸைப் போட்டாலும் இதே கதைதான். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். டி750-இன் விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு, கேட்டேன். கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினார்: 14,206. டி750-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனருக்கு அனுப்புவதற்காக அந்தத் திரையைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் 18 சதவீதம் கூடும் சார்" என்றார். 11,160 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு, "கேமரா 1" என்று பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய பொருளுக்கு வியாபாரி தன் லாபத்தின் மீது மட்டும் ஜிஎஸ்டி கட்ட வழியிருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஐந்தாவது மாதம், மயிலாப்பூரில் தங்கையின் வளைகாப்பு. மாமியார் முதல் வளையலைப் போடும் நேரம் பார்த்து, 'கிளிக்' என்பதற்குப் பதில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். திரையில் எர்ர் (Err, பிழை) என்று வந்து நின்றது. அணைத்துப் போட்டேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடியும் எர்ர். வெளியே தெரிந்த ஷட்டர் தகடுகளில் ஒன்று மடங்கியிருந்தது.

பழுது பார்ப்பவர் என் மெமரி கார்டில் இருந்த முதல் நாள் படத்தைத் திறந்தார். நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் கவுன்ட்டையும் கேமராவின் வரிசை எண்ணையும் எழுதி வைக்கிறது. 1,53,412. நான் வாங்கிய அன்றே அது சோதித்த கணக்கைத் தாண்டிவிட்டது. அப்படியானால் கடையில் பார்த்த 14,206? செல்பேசியில் இருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கவுன்ட்டுக்கு மேல் வரியிலேயே வரிசை எண். என் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணோடு கடைசி மூன்று இலக்கங்கள் பொருந்தவில்லை. காட்டியது வேறொரு கேமராவில் எடுத்த படம். ஆதாரத்தை ஐந்து மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

ஆகவே கடைக்காரர் திறந்து காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கார்டைப் போட்டு, நீங்களே எடுத்து, உங்கள் மடிக்கணினியில் எக்ஸிஃப்டூல் (படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) வைத்துப் பாருங்கள், இலவசம்தான். வரிசை எண்ணை அடிப்பகுதியோடு ஒப்பிடுங்கள். கேனானில் பெரும்பாலான மாடல்கள் கவுன்ட்டைப் படத்துக்குள் எழுதுவதில்லை. கேபிள் போட்டுக் கணினியில் பார்க்க வேண்டும். இன்னொன்று, வீடியோ ஓடிய மணிக்கணக்கு எதுவும் இந்த எண்ணிக்கையில் வராது. படம் பதியும் சென்சார் எப்படி இருக்கிறது என்று அறிய, லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குகின்றனவா என்று பாருங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும் சார்" என்றார், கண்ணாடி அலமாரியைத் துடைத்தபடியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை. பணத்தை யுபிஐ வழியாக அனுப்பியதால் பெற்றவர் பெயராவது வங்கிக் கணக்கில் நிற்கிறது. இப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.