சிவப்பு மூளைப் படத்துக்கு 6,800 வெள்ளி

மலேசியாவின் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லை என்று மூளைப் பயிற்சி நிலையத்தில் முன்பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகன் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் ஓர் இடத்தில் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் மேசையில் கவிழ்ந்துவிடுகிறான் என்று ஆசிரியை இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாரமே முகநூலில் விளம்பரம் வந்தது. மருந்தில்லாத நியூரோஃபீட்பேக் (மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் பயிற்சி), முதல் பரிசோதனை இலவசம். கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு வரிசையின் இரண்டாம் மாடி. விவகாரம் முடியாததால் பெயர் போடவில்லை.

அங்கே பேசிய பெண் நல்ல தமிழில் பேசினார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து மாலை ஆறு மணிக்கு அவன் தலையில் தொப்பியை மாட்டிப் பசை தடவினார்கள். கண்ணை மூடு, திற என்று இருபது நிமிடம். அப்புறம் திரையில் ஒரு மூளைப் படம், முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. "தீட்டா அலை ரொம்ப அதிகம்க்கா, பீட்டா கம்மி. இப்பவே பார்க்கலேன்னா இடைநிலைப்பள்ளி போனதும் ரொம்பக் கஷ்டம்" என்றார். தீட்டா என்பது மெதுவான மூளை அலை, பீட்டா வேகமானது.

பெற்ற பிள்ளையின் தலையில் சிவப்பைக் காட்டிய பிறகு யார் கணக்குப் பார்ப்பார்கள்? நாற்பது அமர்வுக்கு 6,800 வெள்ளி (ரிங்கிட்), கடன் அட்டையில் பன்னிரண்டு மாதத் தவணை. கையெழுத்துப் போட்டேன்.

உச்சந்தலையிலும் காதிலும் சென்சார் ஒட்டி கார்ட்டூன் போடுவார்கள். அலை அவர்கள் வைத்த அளவில் இருந்தால் படம் தெளிவாக ஓடும், விலகினால் மங்கும். கருவி பொய் என்று சொல்ல மாட்டேன். மனித மூளையின் மின் அலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924-இலேயே பதிவு செய்துவிட்டார். 1960-களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் பூனைகளுக்கே இப்படி அலைப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அந்தப் பூனைக் கதையை எனக்கும் சொன்னார்கள், கூடவே சுவர் நிறையச் சான்றிதழ்கள். மருத்துவ உளவியலாளரா என்று கேட்டதற்கு, "சர்ட்டிஃபைட் பிரெய்ன் டிரெய்னர்" என்றார். மருத்துவ உளவியலாளர் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆறாவது வாரம் காரில் வரும்போது மகன் சொன்னான்: "அம்மா, பல்லைக் கடிக்காம, கண்ணைச் சிமிட்டாம இருந்தா படம் மங்காது. நான் கண்டுபிடிச்சிட்டேன்." சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். தாடைத் தசை இறுகினாலும் கண் சிமிட்டினாலும் எழும் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிது, சென்சாரில் அதுவும் சேர்ந்தே விழும் என்று பிறகுதான் படித்தேன். ஆக, வாரம் இரண்டு முறை 170 வெள்ளி கொடுத்து என் பிள்ளை சிமிட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பதினான்காவது அமர்வு ஒரு சனிக்கிழமை காலை. மறுபடி படம் எடுத்தார்கள், சிவப்பைக் காணோம். "பார்த்தீங்களாக்கா!" எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான்கு நாளில் ஆசிரியை மீண்டும் கூப்பிட்டார். கணிதப் பாடத்தில் தூங்கிவிட்டானாம்.

என் அக்கா திட்டியதில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி குறட்டை விடுவானா?" விடுவான், வாயைத் திறந்துகொண்டு, ஐந்து வயதிலிருந்து. நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெடுகிற பிள்ளைகள் பகலில் துறுதுறுவென்று கவனமில்லாமல் திரிவார்கள் என்றார். சிவப்புப் படத்தைக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் தீட்டா ஏறும், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கேட்டார். மாலை ஆறு. இரண்டாவது படம், நன்றாகத் தூங்கி எழுந்த காலை.

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) உள்ள பிள்ளைகளுக்காவது இது பயன்படுமா என்று தேடினேன். அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான பயிற்சி, மற்றவர்களுக்கு வேறு பிள்ளைகளின் அலைப் பதிவைக் கலந்து ஓட்டிய போலிப் பயிற்சி. இரண்டு தரப்பும் முன்னேறின, பயிற்சி முடிந்தபோது இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ஐந்தாவது அமர்விலேயே "பையன் மாறிட்டான்" என்று நான் ஊரெல்லாம் சொன்னது ஞாபகம் வந்தது.

மீதிப் பணத்தைக் கேட்டால், ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் "பணம் திருப்பித் தரப்படாது" என்பதைக் காட்டினார்கள். வேண்டுமானால் மீதி 26 அமர்வை என் கணவரின் தூக்கமின்மைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமாம்! அவர் படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கிறது. தொடர்ந்து வழங்கும் சேவைக்கு முன்பணம் கட்டி இடையில் ரத்து செய்தால், மொத்தத் தொகையில் 5 விழுக்காடும் ஏற்கெனவே பெற்ற சேவையின் விலையும் மட்டுமே பிடிக்கலாம். என் கணக்கில் 340 வெள்ளியும் 2,380 வெள்ளியும் போக 4,080 வெள்ளி வர வேண்டும். ரத்துக் கடிதம் கொடுத்து, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை அடுத்த மாதம். டான்சிலுக்கு நிபுணரைப் பார்க்கும் தேதியும் அதே வாரம்தான்.

ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். இதே போல் நாற்பது அமர்வு கட்டியவர்கள் இருந்தால் முதல் மூளைப் படத்தின் மூலையில் அச்சான நேரத்தைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.