குளிர் ஜாக்கெட் இங்கேயா அங்கேயா? அப்புறம், முதல் மலை எது?

அக்கா மகனுக்கு மியூனிக்கில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததிலிருந்து தண்டையார்பேட்டை வீட்டில் ஜாக்கெட் பேச்சுதான். அக்கா எம்.சி.ரோட்டுக்கு இரண்டு முறை போய் விலை கேட்டுவிட்டு வந்தாள். மாமா பர்மா பஜாரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறார். பையன் என்னிடம் வந்து, "சித்தி, நீங்க அங்க நாலு வருஷம் இருந்தீங்க. இங்கயே வாங்கிக்கவா, அங்க போய் வாங்கிக்கவா? செகண்ட் ஹேண்ட் கடை நிறைய இருக்குன்னு சொல்றாங்க. மலைக்கு வேற போகணும்" என்றான்.

வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் யாராவது ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் இதே கேள்விதான் வருகிறது. அவனுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கிழமைக் கணக்கு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். ஓட்டல் இருக்கும், சில பேக்கரிகள் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் ஒன்றிரண்டு கடைகள் இருக்கும். துணிக்கடை, பழைய சாமான் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிக் கிடக்கும். அதனால் சனிக்கிழமை கடை, ஞாயிற்றுக்கிழமை மலை. முதல் வார இறுதியை இப்படிப் பிரித்துக்கொண்டால், சனிக்கிழமை வாங்கியதை மறுநாளே மலையில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சரி, ஜாக்கெட். இங்கே வாங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. நம் பாஷையில் பேரம் பேசலாம், அம்மா தொட்டுப் பார்த்து வாங்குவாள். ஆனால் நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஆனவை. ஜனவரி இரவில் மியூனிக் சர்வசாதாரணமாகப் பூஜ்யத்துக்குக் கீழே போகும். நான் இங்கிருந்து கொண்டுபோன புது ஜாக்கெட் பார்க்க நல்ல கனமாக இருந்தது. நவம்பரில் டிராம் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றபோதுதான் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் காற்று உள்ளே வருவது தெரிந்தது. அதோடு, 23 கிலோ பெட்டியில் இரண்டு கிலோவை அது பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் பருப்புப் பொடியும் குக்கரும் போயிருக்கலாம்.

அங்கே பழசாக வாங்குவதற்கு வீட்டில் வரும் எதிர்ப்பு விலையைப் பற்றியது இல்லை. "அடுத்தவங்க போட்டதையா என் பையன் போடுவான்?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நம் வீடுகளில் பழைய துணி வெளியே போகும். பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் டப்பா வாங்குவோம். உள்ளே வந்ததில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்குவோம், ரேடியோ வாங்குவோம், துணி என்றால் கை தயங்கும். என் முதல் குளிர்காலம் முழுக்க அந்தத் தயக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு போனது.

இரண்டாவது வருடம் ஒரு தொண்டு நிறுவனக் கடையில் கம்பளிக் கோட்டு ஒன்றை 18 யூரோவுக்கு வாங்கினேன். முழங்கால் வரை வரும், உள்ளே வழவழவென்று லைனிங். அது யாராவது இறந்தவருடையதாகக்கூட இருக்கலாம். வயதானவர்கள் போன பிறகு வீட்டைக் காலி செய்து சாமான்களைக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அதை அக்காவிடம் மறைக்கவில்லை. எங்கள் பாட்டி போன பிறகு அவருடைய சுங்குடிச் சேலைகளை நானும் அக்காவும் பிரித்துக் கட்டிக்கொண்டோம். அக்காவுக்கு அது நினைவு வந்தது. அப்புறம் அவள் எதிர்ப்பு சொல்லவில்லை. "நல்லாத் துவைச்சுப் போடச் சொல்லு" என்றாள்.

ஆக, கோட்டு அங்கேதான். ஆனால் அங்கே எங்கே என்பது அடுத்த கேள்வி. இதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

பெயர் பெற்றவை திறந்தவெளிச் சந்தைகள். அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா நடக்குமே, அதே தெரேசியன்வீஸ மைதானத்தில் ஏப்ரலில் வசந்தத் திருவிழாவின் முதல் சனிக்கிழமை மிகப் பெரிய பழைய பொருள் சந்தை கூடும். வெயில் மாதங்களில் ஒவ்வொரு பேட்டையாக, மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தைத் திறந்து விட்டு விற்பார்கள். அதற்கு ஹோஃப்ஃப்ளோமார்க்ட், முற்றச் சந்தை, என்று பெயர். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வீட்டுக்காரரே நின்று விற்பதால், இது ஏன் வாங்கினோம், எத்தனை வருடம் வைத்திருந்தோம் என்று கதையோடு கொடுப்பார். மியூனிக்கில் வெளியூர்க்காரர் ஒரு வீட்டு வாசலுக்குள் நுழைந்து பேச இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் வராது.

அங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் கைகொடுக்கும். காசிமேட்டில் நல்ல மீன் வேண்டுமென்றால் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய சந்தையும் அப்படித்தான். விஷயம் தெரிந்த வியாபாரிகள் இருட்டிலேயே டார்ச்சோடு வந்து நல்லதைப் பொறுக்கிவிடுவார்கள். மாலையில் போனால் விலை குறையும், ஆனால் நல்ல சரக்கு இருக்காது. பேரம் உண்டு, நம் ஊர் அளவுக்கு இல்லை. பத்து யூரோ சொன்னால் ஏழு கேட்கலாம். மூன்று கேட்டால் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் இந்தச் சந்தைகளை நம்பி அக்டோபரில் இறங்கும் மாணவர் குளிரில் நிற்பார். முற்றச் சந்தைகள் வெயில் காலத்தோடு முடிந்துவிடும். அதனால் முதல் கோட்டுக்கு என் தேர்வு தொண்டு நிறுவனக் கடைகள். ஆக்ஸ்ஃபாம் போன்றவற்றில் நன்கொடையாக வந்த துணியைத் தன்னார்வலர்கள் தரம் பிரித்து, அளவு பார்த்து, விலை ஒட்டி மாட்டி வைத்திருப்பார்கள். பேரம் கிடையாது. போட்டுப் பார்க்க அறை உண்டு, மொழி தெரியாமலும் வாங்கிவிடலாம். எடைக்குத் துணி விற்கும் கடைகளும் உண்டு. அவை பழைய பாணியைத் தேடுகிற இளைஞர்களுக்கானவை. கம்பளிக் கோட்டைத் தராசில் வைத்தால் விலை ஏறிவிடும்.

கட்டில், மேசை, சைக்கிள், பாத்திரம் என்றால் மாநகராட்சிக் கழிவுத் துறையே நடத்தும் ‘ஹால 2’ கடைக்குப் போங்கள். மக்கள் குப்பைக் கிடங்கில் கொண்டுவந்து போடுவதில் நன்றாக இருப்பதை எடுத்து அங்கே விற்கிறார்கள். கொடுங்கையூர் கிடங்கைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு நகராட்சி இதைச் செய்ய முடியும் என்பது முதல்முறை போனபோது நெஞ்சில் நின்றது. இன்னும் நிற்கிறது.

கிளைன்அன்ஸைகன் என்ற இணையச் சந்தையும் இருக்கிறது. 2023 வரை அதன் பெயர் ஈபே கிளைன்அன்ஸைகன். விலைக்குப் பக்கத்தில் VB (‘ஃபௌ பே’) என்ற இரண்டு எழுத்து இருந்தால் பேரம் பேசலாம் என்று அர்த்தம். சும்மாவே கொடுத்துவிடும் பொருள்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அறைக்கு மேசை வாங்க இதைவிடச் சிறந்தது கிடையாது. கோட்டுக்கு வேண்டாம், போட்டுப் பார்க்காமல் தோள் அளவு தெரியாது. பணத்தை முன்னால் அனுப்பச் சொல்பவரிடம் எதுவுமே வேண்டாம்.

இப்போது ஷூ. இங்கே நான் முழுக்க மறுபக்கம். மலை ஷூவைப் பழசாக வாங்கவே கூடாது.

ஒரு சந்தையில் எட்டு யூரோவுக்கு ஒரு ஜோடி வாங்கினேன். நல்ல தோல், கீறல் இல்லை, அடிப்பாகம் தேயவே இல்லை. ஒரு முறை இரண்டு முறைதான் போட்டது என்றார் விற்றவர், அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஹெர்ஸோக்ஸ்டாண்ட் மலையிலிருந்து இறங்கும்போது வலது கால் அடிப்பாகம் முன்னால் வாய் திறந்தது. பத்து நிமிடத்தில் கழன்று கையில் வந்துவிட்டது. அரை மணியில் இடதும் போனது. எதிரே ஏறி வந்த ஒரு அம்மா தன் பையிலிருந்து ஒட்டு நாடாவை எடுத்து, மண்டியிட்டு, என் இரண்டு கால்களையும் ஷூவோடு சேர்த்துச் சுற்றிவிட்டார். ஈரப் பாறையில் அப்படியே இரண்டு மணி நேரம் இறங்கினேன். ஒவ்வொரு அடியிலும் பயம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதை வருடக்கணக்கில் உள்ளிருந்து சிதைக்கும். போட்டு நடந்துகொண்டே இருந்தால் சிதைவு மெதுவாகும். அலமாரியில் சும்மா கிடந்தால் சீக்கிரம் போகும். அதாவது, புதுசு போலத் தெரியும் பத்து வருடப் பழசுதான் ஆபத்து அதிகம். பழைய மழை ஜாக்கெட்டுக்கும் இதே கதைதான். உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்தாலோ உரிந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். கயிறு, ஹெல்மெட் போன்ற பாதுகாப்புச் சாமான் பழசாக வேண்டவே வேண்டாம்.

அதனால் ஷூ புதுசாக, இங்கேயே. பெரியமேட்டில் நல்ல தோல் ஷூ கிடைக்கும், கல்லூரிக்குப் போட்டுக்கொள்ளலாம். மலைக்குக் கணுக்காலை மூடும், பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் உள்ள டிரெக்கிங் ஷூ வேண்டும். டெக்கத்லானில் வாங்கி, இரண்டு வாரம் காலையில் நடந்து பழக்கி, விமானத்தில் காலில் போட்டுக்கொண்டே போகலாம், பெட்டி எடையில் சேராது. உள்ளே போடும் தெர்மலும் புதுசாக இங்கேயே. ஜெர்மானியர்கள் குளிருக்கு ‘வெங்காய முறை’ என்பார்கள், அடுக்கடுக்காகப் போடுவது. ஒட்டியிருக்கும் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, உச்சியில் நின்றதும் உடம்பு விறைக்கும்.

எந்த மலை? பையன் சொன்னது சுக்ஸ்பிட்ஸ. 2962 மீட்டர், ஜெர்மனியின் உச்சி. நம் தொட்டபெட்டாவைவிட 325 மீட்டர் உயரம். 1930-லிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது, மேட்டுப்பாளையம் வண்டி கல்லாறு தாண்டி ஏறுமே, அந்த வகை. 2017-ல் வந்த கேபிள் கார் ஐப்சீ ஏரியிலிருந்து 1945 மீட்டர் உயரத்தைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடும். தெளிந்த நாளில் நான்கு நாடுகளின் மலைகள் தெரியும். அங்கே இருந்த சிறு பனியாறுகளில் ஒன்று, தெற்கு ஷ்னேஃபெர்னர், 2022-ல் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. மிச்சத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது.

ஆனால் முதல் ஞாயிறுக்கு வேண்டாம். மேலே போய் வர ஏறக்குறைய 70 யூரோ, மாணவருக்கு அது இரண்டு வாரச் சாப்பாடு. மேகம் சூழ்ந்தால் அந்தப் பணத்துக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு பத்து நிமிடத்தில் அந்த உயரத்துக்குப் போனால் தலை வலிக்கலாம். நவம்பரில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நின்றும்விடும்.

நான் சொல்வது தேகர்ன்சீ ஏரிக்கு மேலே உள்ள நொய்ரொய்த். 1260 மீட்டருக்குச் சற்று மேல். ஏரியே 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏறவேண்டியது ஐந்நூறு மீட்டர்தான். ரயில் நிலையத்திலிருந்தே காட்டுப் பாதை தொடங்கும், ஒன்றரை மணி நேரத்தில் உச்சியில் இருப்பீர்கள். அங்கே ஒரு குடில் ஓட்டல், சூடான சூப், கீழே முழு ஏரி. ஏறுவதற்குக் காசு கிடையாது. ரயிலுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025-ல் 58, 2026-ல் 63 ஆன மாதச் சந்தா அது, ICE, IC போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் செல்லாது. நாலைந்து பேராகப் போனால், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் சீட்டான பயர்ன் டிக்கெட் எடுக்கலாம், ஐந்து பேர் வரை ஒன்றே போதும். ஒரு எச்சரிக்கை: கும்மிடிப்பூண்டி லோக்கல் மாதிரி எந்தப் பெட்டியிலும் ஏறி உட்கார்ந்துவிட வேண்டாம். அந்த வண்டி வழியில் பிரிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போகும். பெட்டியில் தேகர்ன்சீ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெர்ஸோக்ஸ்டாண்ட் (1731 மீட்டர்) இரண்டையும்விட அழகு. ஷூ போன மலை என்பதற்காகக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வால்கென்சீ ஏரியின் நீலம், மறு பக்கம் மியூனிக் வரை சமவெளி. அதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால் மாலை ஐந்துக்கே இருட்டு. அதற்குள் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இதை எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் ஷூ வாங்கிவிட்டான். காலையில் காசிமேடு வரை நடக்கிறான். போன ஞாயிறு லோக்கல் பிடித்து திருத்தணி போய் 365 படியையும் அந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினானாம், கோயில் படி ஆயிற்றே. அடுத்த வாரம் ஷூவோடு ஏற ஒரு மலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாமா பர்மா பஜார் கடைக்காரரிடம் ஜாக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நல்ல டார்ச் வாங்கி வந்தார்.