காமடோர் 64ல பிஎல்ஏ போயிடுச்சா? பழைய சிப்பா, ஈப்ரமா, கேலா, சிபிஎல்டியா

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் சிங்கப்பூர் போயிட்டு வந்தவங்க வீட்டு பரண்ல ஒரு காமடோர் 64 இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, 1982ல வந்த வீட்டு கம்ப்யூட்டர் அது, முக்கால்வாசி சரி பண்ணிடலாம். ஆன் பண்ணா வெறும் கருப்பு ஸ்க்ரீன்னா நான் மொதல்ல சந்தேகப்படுறது பிஎல்ஏங்கிற லாஜிக் சிப்பைத்தான், மேல 906114-01னு போட்டிருக்கும், உள்ள இருக்கிறது சிக்னெட்டிக்ஸ் 82எஸ்100. பதினாறு இன்புட், எட்டு அவுட்புட். ப்ராசசர் கேக்குற அட்ரஸ் ராமுக்கா, பேசிக் ரோமுக்கா, ஐஓவுக்கான்னு (கீபோர்டு, சவுண்டு மாதிரி வேலை பாக்குற சிப்புங்களுக்கு) பாத்து மடை திறந்து விடுற ஆளு இதான், இது போச்சுன்னா மத்த சிப்பெல்லாம் நல்லாருந்தும் மிஷின் எந்திரிக்காது.

பழைய ஒரிஜினல் சிப்பே வாங்கிப் போடலாமேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கரண்டை நிறைய இழுக்குற பைபோலார் ரக சிப்புங்க அது, சும்மா இருந்தாலே சுடும், நம்ம ஊரு மே மாசத்துல கேக்கவே வேணாம். செத்துப்போன சிப்புக்கு பதிலா அதே வயசு சிப்பை வாங்குறீங்க, அதுலயும் வேற சிப்பை சுரண்டி மேல புது நம்பர் அடிச்சு விக்கிறவங்க இருக்காங்க. அலமாரியில வச்சு பாக்குற மிஷினுக்கு சரி, பசங்க தினம் ஓட்டுற மிஷினுக்கு எனக்கு மனசு வரல.

அடுத்து ஈப்ரம், அதாவது நாமே டேட்டா எழுதி வைக்கிற மெமரி சிப். 27சி512ல பதினாறு அட்ரஸ் லைன், எட்டு டேட்டா லைன், அப்போ எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட்னு சொல்ற முழு ட்ரூத் டேபிளையும் அப்படியே எழுதிடலாம், பின் வரிசை மாறுறதால நடுவுல ஒரு அடாப்டர் போர்டு மட்டும் வேணும். இருக்கிறதுலயே சல்லிசு, பல மிஷின்ல ஸ்க்ரீனும் வந்துடும். ஆனா அட்ரஸ் மாறி டேட்டா நிலைக்கிற வரைக்கும் ஈப்ரம் அவுட்புட் எப்படி இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தரல, அந்த நேரத்துல மேலயும் கீழயும் துள்ளும். ரோம் செலக்ட் துள்ளுனா பெருசா தெரியாது, அட்ரஸைப் புடிச்சுக்கன்னு ராமுக்குச் சொல்ற கேஸ் (CAS) சிக்னலோ கலர் ராமுக்கு எழுதுற சிக்னலோ துள்ளுனா கலர் மாறும், கேம் நடுவுல தொங்கும், நீங்க ராம்தான் போச்சுன்னு நெனச்சு எட்டு 4164 ராம் சிப்பையும் பிடுங்கிட்டு உக்காந்திருப்பீங்க. டெஸ்ட் பண்ண மட்டும் ஈப்ரம் போடுங்க, நிரந்தரமா வேணாம்.

அப்போ வேகமான சிப்பா போட்டா தீந்துச்சான்னா அதுவும் இல்ல, இந்த இடத்தைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ராமுக்கு ரோ (row, வரிசை) அட்ரஸ், காலம் (column, நெடுவரிசை) அட்ரஸ்னு மாத்திக் குடுக்குற 74எல்எஸ்257 சிப்பை திருப்புறதும் வீடியோ சிப்போட கேஸ் சிக்னல்தான், அதே சிக்னல் பிஎல்ஏ வழியா லேட்டா ராமுக்குப் போகுது. அந்த லேட்டு வேணும்! பத்து நானோசெகண்டுக்குள்ள பதில் சொல்ற சிபிஎல்டி (உள்ள லாஜிக்கை நாமே எழுதிக்கிற சிப்) போட்டா காலம் அட்ரஸ் நிலைக்கிறதுக்குள்ள ராம் புடிச்சுக்கும். அதனால சிபிஎல்டில கேஸ் லைனை மட்டும் ரெண்டு மூணு மேக்ரோசெல் (உள்ள இருக்க சின்ன லாஜிக் துண்டு) சுத்தவிட்டு தாமதம் சேக்கணும், சாஃப்ட்வேர் அதை வேஸ்ட்டுன்னு நெனச்சு அழிச்சிடாம பாத்துக்கணும். எக்ஸ்சி9572எக்ஸ்எல் 3.3 வோல்ட் சிப், கூட ரெகுலேட்டர் வேணும், ஏடிஎஃப்1504 நேரா 5 வோல்ட்லயே ஓடும், சிபிஎல்டிதான்னு முடிவு பண்ணிட்டா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆனா என் ஓட்டு கேலுக்கு, அதுவும் நாமே எழுதிக்கிற லாஜிக் சிப்தான், சின்னது. 22வி10ங்கிற கேல் ஒண்ணுல இன்புட் அவுட்புட் மொத்தம் 22தான், பதினாறு இன்புட் போக ஆறு மிஞ்சும், எட்டு வேணும்ங்கிறதால ரெண்டு சிப் போட்டாகணும். போர்டு கொஞ்சம் பெருசாகும், பரவால்ல. 25 நானோசெகண்ட் ரகம் எடுத்தீங்கன்னா வேணுங்கிற தாமதம் தானாவே வந்துடுது, சாதா டிஎல்866 ப்ரோக்ராமர்லயே எழுதலாம், பெரிய கால் உள்ள சிப்புங்கிறதால கும்பகோணத்துல டிவி ரிப்பேர் கடை வச்சிருக்க அண்ணன்கிட்ட குடுத்தாகூட சுத்தமா பத்த வச்சு குடுப்பாரு.

எதைப் போட்டாலும் அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. அந்த பழைய பவர் சப்ளையை மறந்தும் மாட்டாதீங்க, உள்ள ரெகுலேட்டர் போனா 5 வோல்ட் எகிறி புது சிப்பையும் ராமையும் சேத்து முடிச்சிடும், புது 5 வோல்ட் சப்ளை செஞ்சுக்கங்க, 9 வோல்ட் ஏசியும் தனியா வேணும். அப்புறம் சாக்கெட். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இருந்த மிஷின்னா காலெல்லாம் கருத்துப் போயிருக்கும், பழைய சாக்கெட்டை எடுத்துட்டு உருண்டை துளை சாக்கெட் போடுங்க.