ஏ.சி.க்கு ரிமோட் டைமரா, வைஃபை ஐஆர் பெட்டியா?

சித்திரை பிறந்தால் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறை இரவு பதினொரு மணிக்கும் கொதிக்கும். பகலெல்லாம் சூடு வாங்கிய தளம் அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஏ.சி. வேண்டும், விடிகாலையில் எழுந்து அணைக்கத்தான் ஆளில்லை.

ரிமோட்டிலேயே இருக்கும் டைமருக்குச் செலவில்லை. ஆனால் தினமும் வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால் பல ஏ.சி.க்கள் டைமரை மறந்துவிடும். அம்மா கண்ணாடி போடாமல் அமுக்கி, ஆஃப் டைமருக்குப் பதில் ஆன் டைமர் விழுந்த கதையும் உண்டு.

ஐஆர் பெட்டி என்பது, போன் ஆப்பில் சொல்வதை வைஃபை வழியே வாங்கி, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிரில் (ஐஆர்) ஏ.சி.க்குக் கட்டளை அனுப்பும் கருவி. உள்ளங்கையில் அடங்கும். போன் சார்ஜரில் செருகி, ஆப்பில் ஏ.சி. கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் ஏற்கும். நான் 5-இல் முயன்று அரைமணி நேரம் வீணடித்தேன். பத்து மணிக்கு 24 டிகிரி, இரண்டு மணிக்கு 27, ஐந்துக்கு ஆஃப் என்று ஒருமுறை எழுதிவிட்டால் சரி. ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

குறை? கட்டளை போகும், பதில் வராது, ஏ.சி. உண்மையில் அணைந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. நேர்ப்பார்வையும் வேண்டும். ஷோகேஸ் ஓரத்தில் வைத்திருந்தேன், காலண்டர் மறைத்து ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

வாரம் ஒருநாள் போடும் விருந்தினர் அறைக்கு டைமரே தாராளம். தினம் ஓடும் அறைக்குப் பெட்டிதான் என் கட்சி. அம்மாவுக்கு ரிமோட்டையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.