பத்து வயதுப் பிள்ளையை எதை வைத்து அளப்பது?

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, வெளியே காபி டம்ளரோடு நிற்கும் பெற்றோர் சுற்றிச்சுற்றிப் பேசுவது ஒன்றைத்தான்: பிள்ளை சரியாக வளர்கிறதா? கைக்குழந்தையாக இருந்தவரை தடுப்பூசி அட்டை, மாதாமாதம் எடை, குப்புற விழுந்தானா, அடியெடுத்து வைத்தானா என்று ஆயிரம் கணக்கு வைத்திருந்தோம். ஆறு வயதானதும் அதெல்லாம் நின்றுபோகிறது. மிஞ்சுவது பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு. அது கணக்குப் பாடத்தைப் பற்றிச் சொல்லும், பிள்ளையைப் பற்றிச் சொல்லாது. என் மகளுக்குப் பத்து வயது. அவளுக்காக மூன்று வழிகளைப் பார்த்தேன்.

முதலாவது உயரம், எடை. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை 5 முதல் 19 வயது வரை போகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்றே 5 முதல் 18 வயது வரை ஒன்று போட்டது. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் நம் ஊர் உடம்புக்குக் கொழுப்பின் தொல்லை சீக்கிரமே ஆரம்பித்துவிடும் என்பதால் அதிக எடைக்கான கோட்டைக் கொஞ்சம் கீழேயே வைத்திருக்கிறார்கள். இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்ந்தால் போதும். சுவரில் பென்சில் கோடு போட்டாலே தெரிந்துவிடும். இதில் வேறு பேச்சு இல்லை.

அடுத்தது எஸ்டிக்யூ, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் ஒரு கேள்வித்தாள். பிரிட்டனின் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது, தமிழிலும் கிடைக்கிறது. 25 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'ஓரளவு', 'நிச்சயமாக' என்று ஒரு டிக், பத்து நிமிஷ வேலை. அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்கிறாளா, ஓரிடத்தில் உட்காருகிறாளா, நல்ல தோழி ஒருத்தியாவது உண்டா, இந்த மாதிரி. சிரமங்களை மட்டும் கூட்டினால் 40க்கு ஒரு எண் வரும். பெற்றோர் நிரப்பியதில் 17ஓ அதற்கு மேலோ வந்தால் யாரிடமாவது காட்டுவது நல்லது. ஆசிரியர் நிரப்பும் தாளுக்கு அந்தக் கோடு 16. எனக்குப் பிடித்ததே இதுதான், வீட்டுப் பிள்ளையும் பள்ளிப் பிள்ளையும் ஒன்றில்லை என்று இந்தத் தாளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டிக் அடித்ததில் என் மகள் ஒரு நிமிஷம் உட்காராத சூறாவளி, அவள் மிஸ் அடித்ததிலோ வாயே திறக்காத அமைதி. இரண்டு தாளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை. பிள்ளையே நிரப்பும் தாள் 11 வயதில்தான் ஆரம்பம். பத்து வயதுக்காரியைப் பற்றி ஊரெல்லாம் கேட்கலாம், அவளை மட்டும் கேட்கக் கூடாதாம்.

அங்கேதான் மூன்றாவது வருகிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆட்கள் உருவாக்கிய எம்டிஐ என்ற கேள்வித்தாள். 4 முதல் 8ஆம் வகுப்பு வரை, பிள்ளைகளே பதில் எழுதுவார்கள். சந்தோஷம், தன்னம்பிக்கை மட்டுமில்லை. காலையில் சாப்பிட்டாயா, நன்றாகத் தூங்கினாயா, பள்ளிக்கூடத்தில் உன்மேல் அக்கறையுள்ள பெரியவர் உண்டா, பள்ளி விட்டதும் என்ன செய்கிறாய், என்ன செய்ய ஆசை என்றெல்லாம் போகும். இவற்றில் சிலவற்றை என் மகளிடம் சும்மா வாய்வழியாகக் கேட்டுப் பார்த்தேன். அக்கறையுள்ள பெரியவர் யார் என்றதும் யோசிக்காமல், "வேன் அங்கிள்" என்றாள். பள்ளியில்டி என்றேன். "அவர்தாம்ப்பா, நான் வரலன்னா அவர்தான் கேட்பார்."

சரி, அப்படியென்றால் எம்டிஐதான் சிறந்ததா? ஒரு வீட்டுக்கு என்றால், இல்லை. அது ஒரு பிள்ளையை எடை போட வந்ததே கிடையாது. முடிவைப் பள்ளிவாரியாக, பகுதிவாரியாகத் தருவார்கள். இந்தப் பேட்டையில் மாலையில் விளையாட இடமில்லை, அந்தப் பேட்டையில் பிள்ளைகள் தூங்குவதே இல்லை என்று தெரிந்துகொண்டு எதையாவது மாற்றுவதற்காக. பெரிய பள்ளிக்கூடமோ அசோசியேஷனோ நடத்துகிறவர்களுக்கு அதைத்தான் கைகாட்டுவேன். தனிப் பிள்ளையிடமே கேட்க வேண்டுமானால் ஐரோப்பாவில் உருவான கிட்ஸ்கிரீன் என்ற கேள்வித்தாள் உண்டு, 8 வயதிலிருந்தே பிள்ளை நிரப்பலாம். 52 கேள்வித் தாளும் இருக்கிறது, அவ்வளவுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு 10 கேள்வியிலும் இருக்கிறது. ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் உறுத்தினால் எஸ்டிக்யூவைப் பெற்றோர் ஒன்று, மிஸ் ஒன்று என்று இரண்டு கையால் நிரப்பி, எண் அதிகமாக வந்தால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, போய்க் கேளுங்கள். இணையத்தில் பார்த்து நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, எந்தத் தாளானாலும் பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். முதல் நாலு கேள்விக்கு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தாள். ஐந்தாவதுக்கு இடது கையால் தாளை மூடிக்கொண்டாள்.