பின்கண்ணாடி பட்டனில் ஃபாக் லேம்ப்: புதுச்சேரி ரோட்டில் நான் ஏமாந்த கதை

கடலூர், புதுச்சேரி பக்கம் காருக்கு ஃபாக் லேம்ப் (பனிமூட்டத்தில் ரோட்டைக் காட்டும் விளக்கு) போட நினைப்பவர்கள், அதிலும் "டாஷ்போர்டில் ஓட்டை போடக் கூடாது, கம்பெனி ஸ்விட்ச்சிலேயே எரியணும்" என்று ஆசைப்படுபவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. கையில் ஒழுங்கான பில் இல்லாமல் பெயரைப் போட்டால் வம்பு எனக்குத்தான். அந்த பில் கதையும் கீழே வருகிறது.

வீடு மஞ்சக்குப்பத்தில், மாமனார் வீடு பண்ருட்டியில். மார்கழி விடியற்காலையில் நெல்லிக்குப்பம் வழியாக வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பனி ஒரு பக்கம், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் இன்னொரு பக்கம். பின்னால் சிவப்பு விளக்கு இருக்காது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதை மறைத்துக்கொண்டு கரும்புச் சோகை தொங்கும். ஒருமுறை பத்தடிக்குள் வந்த பிறகுதான் டிரெய்லரைப் பார்த்து பிரேக் அடித்தேன். அன்றைக்கே முடிவு செய்தாயிற்று, ஃபாக் லேம்ப் போட்டே ஆக வேண்டும் என்று.

என் வண்டி நடு வேரியன்ட். ஃபாக் லேம்ப் கிடையாது. ஆனால் பின்கண்ணாடியைச் சூடாக்கும் டீஃபாகர் உண்டு, அதற்கு டாஷ்போர்டில் அழகாக ஒரு பட்டனும் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு அதை வருடத்தில் நாலு நாள் அமுக்கினால் அதிகம். சும்மா கிடக்கும் பட்டனை விளக்குக்கு மாற்றிக்கொண்டால் என்ன? இந்த யோசனை என்னுடையதுதான். அதை மறைக்கப் போவதில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் ரோட்டில் ஒரு ஆக்சஸரிஸ் கடை. ஓனரிடம் சொன்னதும் முகம் மலர்ந்தது. "சூப்பர் ஐடியா சார். ரிலே கிட்டோட போட்டுத் தரேன், ஸ்விட்ச் பக்கா ஒரிஜினலா இருக்கும்." ரிலே என்றால், ஸ்விட்ச் அனுப்பும் சின்னக் கரண்டில் இயங்கி, விளக்குக்குப் பெரிய கரண்டை விடும் தனிச் சாதனம். விளக்கு, ரிலே கிட், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். வந்தது ஒரு துண்டுச் சீட்டு, தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று இருந்தது. கடை சீல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பசி வேளை, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் பட்டனை அமுக்க விளக்கு எரிகிறது, பட்டனுக்குள் குட்டி ஆரஞ்சு லைட்டும் எரிகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓனர் என் டாஷ்போர்டை வீடியோ வேறு எடுத்தார்.

அந்த வாரமே குடும்பத்தோடு பண்ருட்டிக்கு விடியற்காலையில் கிளம்பினோம். நெல்லிக்குப்பம் தாண்டியதும் இரண்டு விளக்கும் பொசுக்கென்று அணைந்தன. பட்டனை மறுபடி அமுக்கினால் எரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அணைகிறது. பின்சீட்டில் இருந்த மகள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, கண்ணாடி சுடுது" என்றாள்.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். டீஃபாகர் பட்டன் அமுக்கினால் அப்படியே நிற்கிற ஸ்விட்ச் இல்லை. காலிங்பெல் மாதிரி ஒரு தொடுதல்தான். அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குக் கரண்ட் விடுவது உள்ளே இருக்கிற கன்ட்ரோல் யூனிட். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று சில நிமிடங்களில் தானாகவே நிறுத்தியும் விடும். என் வண்டியில் அது கால் மணி நேரம். கடைக்காரர் செய்தது இவ்வளவுதான்: கண்ணாடிக்குப் போகும் ஒயரைக் கீறி அதிலேயே விளக்கையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

திரும்பக் கடைக்குப் போனேன். "அது வண்டியோட செட்டிங் சார், பைபாஸ் பண்ணிடலாம்." கூடுதலாக 800. ஏன் கொடுத்தேன் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். இந்த முறை விளக்கு நிற்காமல் எரிந்தது. ஆனால் டீஃபாகர் செத்துவிட்டது. அடுத்த மழையில் பின்கண்ணாடி முழுக்க மூடி, பின்னால் வருவது பஸ்ஸா பைக்கா என்று தெரியாமல் வந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு இரவு புதுச்சேரியிலிருந்து வருகிறேன். முள்ளோடை தாண்டும்போதே பிளாஸ்டிக் கருகும் வாசனை. வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வாசனை உள்ளேதான். ரெட்டிச்சாவடியில் ஓரங்கட்டி பட்டனைத் தொட்டால் கை சுட்டது. அமுக்கினால் அமுங்கவில்லை, விளக்கு அணையவில்லை. சாவியை எடுத்த பிறகும் எரிந்தது! அதுதான் பயம். டீக்கடையில் நின்ற லாரிக்கார அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடி வந்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். அதன் பிறகுதான் அணைந்தது.

மறுநாள் முதுநகரில் ஒரு பழைய ஒயரிங்காரரிடம் வண்டி போனது. டாஷ்போர்டைப் பிரித்ததும் அவர் முதலில் சிரித்தார். நான் 'ஒரிஜினல்' என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரிஜினலே இல்லை. முகப்பை மட்டும் எடுத்து, உள்ளே அமுக்கினால் நிற்கிற சாதா டூப்ளிகேட் ஸ்விட்ச்சை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் பின்பக்கம் உருகி, உள்ளே இருக்கிற தகடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒல்லி ஒயர், நடுவில் ஃபியூஸ் இல்லை. நான் காசு கொடுத்த ரிலே வண்டியிலேயே இல்லை.

கணக்கை அவரே சொன்னார். ஒரு விளக்கு 55 வாட், இரண்டும் சேர்த்து 110. பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். ரிலேயை இயக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) வேண்டியதோ கால் ஆம்பியருக்கும் குறைவு. "ஸ்விட்ச்ங்கறது மேஸ்திரி மாதிரி தம்பி. கை காட்டணும், மூட்டை தூக்கக் கூடாது. மூட்டை தூக்கத்தான் ரிலே."

இன்னொன்றையும் காட்டினார். ஃபியூஸ் பெட்டி மூடியில் டீஃபாகருக்கு 20 ஆம்பியர் என்று இருக்கிறது. உள்ளே செருகியிருந்தது பச்சை. பச்சை என்றால் 30, மஞ்சள்தான் 20. கண்ணாடியும் விளக்கும் ஒன்றாகக் கரண்ட் இழுத்ததில் முதல் நாளே மஞ்சள் போயிருக்கும், நான் சாப்பிடப் போன நேரத்தில் பச்சையை மாட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதைப் பெரிதாக்கினால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

அவர் சரிசெய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டீஃபாகர் ஒயர்களைப் பழையபடி சால்டர் செய்து டியூப் போட்டார், பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் ஃபியூஸ் மாட்டினார். பட்டனுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் இல்லாத ஒரு காலி மூடி இருந்தது. அந்த இடத்தில் அளவாகப் பொருந்தும் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி மாட்டினார். அதிலிருந்து போவது ரிலேயின் காயில் பக்கமான 85, 86 எண் கால்களுக்கு மட்டும். பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30, 87 எண் கால்கள் வழியாக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் விளக்குக்கு. டீஃபாகர் பட்டன் புதிதாக வாங்கியது தனி. பட்டனைத் தவிர மற்ற எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய்தான். என் ஐடியாவைக் கேட்டுவிட்டு, "காலி மூடி இருக்கும்போது வேலை செய்யற பட்டனை ஏன் சாகடிச்சீங்க?" என்றார். பதில் சொல்லவில்லை.

ஆகவே கடையில் வேலை முடிந்ததும் பட்டன் அழகைப் பார்த்து என்னை மாதிரி மயங்க வேண்டாம். பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து வரும் புது ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா, ரிலே எங்கே திருகப்பட்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பணம். கம்பெனி சர்வீஸில் காட்டியபோது, வெளியே கை வைத்த ஒயரிங்குக்கு இனி வாரண்டி கேட்காதீர்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிட்டார்கள். அதுவும் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் உருகிய ஸ்விட்ச்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அந்தப் பட்டன்லதான் வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க?" என்றார். ரிலே எங்கே என்றதற்குப் பதில் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும், ஒரு தனிநபர் பெயருக்குப் போன ஜிபே ரசீதும்தான். உருகிய ஸ்விட்ச்சை மட்டும் கவரில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கடையின் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்தேன். என் டாஷ்போர்டு வீடியோ இன்னும் இருக்கிறது. 'கம்பெனி ஃபினிஷிங்' என்று எழுதி, பின்னணியில் குத்துப்பாட்டு. கீழே ஒரு பையன் "எவ்ளோ ப்ரோ?" என்று கேட்டிருக்கிறான். "இன்பாக்ஸ் வாங்க" என்று பதில். அந்தப் பையனுக்குச் சொல்லலாம் என்று எழுதினால், என்னை பிளாக் செய்திருக்கிறார்கள்.