மாத வாடகைக்கு ஃப்ரிட்ஜ் எடுக்கப் போகிறீர்களா? எனக்குப் போனது 14,150 ரூபாய்

இன்று காலைதான் அந்தக் கடை வாசலில் கத்திவிட்டு வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. வீட்டுச் சாமான்களை வாடகைக்கு விடுவார்கள், 18 மாதம் கட்டி முடித்தால் பொருள் நமக்கே. அம்மாவின் இன்சுலினுக்காகப் போனேன். முன்பணம் 4,000, மாதம் 1,450. தயங்கித்தான் நின்றேன். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னையில இருந்து இது உங்க வீட்டுப் பொருள். அம்மா மருந்துக்குன்னு சொல்லுதிய, அதுல போய் விளையாடுவனா?" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். அவர் சித்தியைக் கட்டிக்கொடுத்ததும் சேரன்மகாதேவியாம்! அதில்தான் விழுந்தேன். ஏழு பக்கத்திலும் படிக்காமல் கையெழுத்து.

ஏழாம் மாதம் கம்ப்ரசர் நின்றது. பிரிக்காத இன்சுலின் அத்தனையும் வீண். ஏற்கெனவே பிரித்து கேஸ் ஏற்றிய பழைய மெஷின் என்றார் மெக்கானிக். புதுசு என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?

முதல் நாள், "ஆள் வருவான்". மூன்றாம் நாள், "முதலாளி திருச்செந்தூர் போயிருக்காவ". அப்புறம், "வாடகைக்கு விட்டதோட எங்க வேலை முடிஞ்சுது, கம்பெனியப் பாருங்க". கம்பெனியில் கேட்டால், பில் உங்கள் பெயரில் இல்லையே சார் என்கிறார்கள். வாடகை வாங்கும்போது அவர்கள் பொருள், கெட்டுப்போனால் என் பொருள். 14,150 ரூபாய்! முன்பணமாவது தாருங்கள் என்றால், 'உள்ள நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரியைக் காட்டுகிறார்கள்.

பாளை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் விவரம் சொன்னார். வாடகைக்கு விட்ட பொருளின் குறையால் நஷ்டம் வந்தால், அந்தக் குறை தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் விட்டவர்தான் பொறுப்பு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 150ஆம் பிரிவு. இப்படி வாடகை கட்டியே பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வாடகைக் கொள்முதலுக்கென்றே 1972இல் தனிச் சட்டமும் போட்டார்கள், நடைமுறைக்கே வராமல் 2005இல் நீக்கிவிட்டார்கள். நம் ராசி அப்படி.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சீரியல் நம்பரைச் சொல்லிக் கம்பெனியில் விசாரியுங்கள். ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சிக்கிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள், இரண்டு வருடத்துக்குள் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கு நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் திங்கட்கிழமை போகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து மெசேஜ்: எட்டாம் மாத வாடகை 1,450 பாக்கியாம்.